555 புத்தகமும் தானியங்கி மின்னஞ்சலும்

தோட்டங்களில் சம்பள நாள் ஒரு சிறு திருநாளாகவே இருந்த காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று மாலையில் துணி வியாபாரி தமது மிதிவண்டியை லயத்து முனையில் நிறுத்தி மூட்டையை அவிழ்ப்பார். பலகாரம் விற்பவர் கூடையை இறக்கி வைப்பார். இருவர் சட்டைப் பையிலும் 555 என்னும் எண்ணை அட்டையில் தாங்கிய சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். யார் எவ்வளவு பாக்கி என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத செய்திகளோ அதைவிட அதிகம். எந்த வீட்டில் அடுத்த மாதம் திருமணம், எந்த வீட்டுப் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகிறான், எந்த வீட்டு முறுக்குக்குக் காரம் ஆகாது என்பனவெல்லாம் அவர்கள் மனத்தில் பதிந்திருந்தன. வேளையறிந்து வந்தார்கள், முறை சொல்லி அழைத்தார்கள், வேண்டியதை எடுத்துக் காட்டினார்கள். வணிகம் நடந்தது.

மின்னஞ்சல் வாயிலாகச் சிறு வணிகத்தை வளர்க்கும் தானியங்கிக் கருவிகளைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். அவற்றை அயல்நாட்டுப் புதுமை என்று எண்ணி ஒதுங்குவோரும் உளர். உண்மையில் அக்கருவிகள் செய்ய முயல்வது அந்தத் துணி வியாபாரி செய்த வேலையைத்தான். எந்த அளவுக்கு அவ்வேலையை அவற்றால் செய்ய இயலும், எந்த இடத்தில் அவை தவறிவிடும் என்பதை நம் வட்டாரத்துச் சிறு வணிகர் அறிந்துகொள்ள வேண்டும்.

பண்டார் பாரு, கெடா மாநிலத்தின் தென்கோடி மாவட்டம். கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக்கின் பாரிட் புந்தார். அண்மையிலேயே பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கூடும் இம்மூலையில் ஒரு வேடிக்கை உண்டு. செர்டாங் பட்டணத்தின் அஞ்சல் எண் 09800. அது கெடா வரிசை. அதே மாவட்டத்துப் பண்டார் பாரு பட்டணத்தின் எண்ணோ 34950; அது பேராக் வரிசை. கடிதத்திற்கு மாநில எல்லை ஒரு பொருட்டன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

வாடிக்கையாளருக்கும் இன்று எல்லை இல்லை. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பிறைக்கும், பட்டர்வொர்த்துக்கும், கோலாலம்பூருக்கும், ஜொகூருக்கும், சிங்கப்பூருக்கும் சென்றுவிட்டனர். செர்டாங்கில் முறுக்கு சுட்டு விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இஃது ஓர் எடுத்துக்காட்டே, எவரையும் குறிப்பதன்று. அக்குடும்பத்தின் அதிரசத்தையும் முறுக்கையும் உண்டு வளர்ந்தவர்கள் இன்று முந்நூறு கிலோமீட்டர் அப்பால் இருக்கின்றனர். தீபாவளிக்கு ஊர் வரும்போது இரண்டு டப்பா வாங்கிச் செல்கின்றனர். பின்னர் ஓராண்டு பேச்சில்லை. சுவை பிடிக்காமற் போனதனாலன்று, நினைவூட்ட ஆளில்லாததனால். லயத்து முனையில் நின்ற மிதிவண்டி சிங்கப்பூர் அடுக்குமாடி வாயிலில் போய் நிற்க இயலாதன்றோ? அந்த இடைவெளியிலேதான் பல சிறு தொழில்கள் தேய்ந்து மறைகின்றன.

தொலைவிலிருப்பவருக்கு மடல் எழுதி விற்பது தமிழர்க்குப் புதிதன்று. திருத்துறைப்பூண்டியில் பிறந்து சென்னைக்கு வந்த எஸ். எஸ். வாசன், 1928-இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்குமுன் அஞ்சல் வழி விற்பனைத் தொழில் நடத்தியவர். முகவரிகளின் பட்டியல் ஒரு வணிகருக்கு மூலதனம் என்பதை அக்காலத்திலேயே உணர்ந்தவர் அவர். மின்னஞ்சலின் கதை அதற்குப் பிந்தியது. 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். இன்று முகவரிகளின் நடுவே நாம் காணும் சுழிக்குறியை அப்பணிக்குத் தேர்ந்தவரும் அவரே. ஏழே ஆண்டுகளில், 1978 மே 3 அன்று, கணினி விற்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த கேரி துவர்க் என்பவர் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தைக் கேளாமலே அனுப்பினார். சிலர் வாங்கினர், பலர் சினந்தனர். கேட்டு அனுப்புவதற்கும் கேளாமல் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு அன்றே தெரிந்துவிட்டது.

தமிழில் மின்னஞ்சல் எழுதுவதிலோ நம் நாட்டவர்க்குத் தனிப் பெருமை உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளே பின்னர் முரசு அஞ்சல் எனப் பெயர் பெற்றுத் தமிழர் பலரின் கணினிகளில் ஏறியது. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழில் தட்டெழுதலாம். ஆகவே மடல் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று எவரும் தயங்க வேண்டியதில்லை.

இனி, தானியங்கி என்பது யாது? ஒரு நிகழ்ச்சி, ஒரு காத்திருப்பு, ஒரு நிபந்தனை, ஒரு மடல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. ஒருவர் தம் முகவரியைத் தருகிறார், அது நிகழ்ச்சி. உடனே ஒரு வரவேற்பு மடல் செல்கிறது. பத்து நாள் கழிகிறது, அது காத்திருப்பு. அதற்குள் அவர் ஏதேனும் வாங்கினாரா? அது நிபந்தனை. வாங்கியிருந்தால் நன்றி மடல். வாங்கவில்லையெனில், பலகாரங்களின் விலைப்பட்டியலுடன் வேறொரு மடல். இவ்வரிசையை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், வணிகர் அடுப்படியில் இருக்கும்போதும் உறங்கும்போதும் கருவி அதன்படி நடந்துகொள்ளும். இருநூறு பேருக்கும் அவரவர்க்கு உரிய நாளில் உரிய மடல் செல்லும்.

இச்சேவையைத் தரும் நிறுவனங்கள் பல. 2001-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருவர் பக்கத் தொழிலாகத் தொடங்கிய மெயில்சிம்ப் என்பது அவற்றுள் ஒன்று. 2021-இல் அஃது ஏறத்தாழ 1,200 கோடி அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. சிறு கடைக்காரர்களின் மடல்களை எடுத்துச் செல்லும் தொழிலுக்கு அத்தனை மதிப்பு! சென்னையைத் தளமாகக் கொண்டு வளர்ந்து, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அலுவலகம் நடத்தும் சோஹோ நிறுவனத்திடமும் இத்தகைய கருவி உண்டு. அந்நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு நாட்டு பிரெவோ, லிதுவேனியாவின் மெயிலர்லைட் என்பனவும் உள. எதனையும் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. பெரும்பாலானவை சிறு பட்டியலுக்கு இலவசமாகத் தொடங்க இடமளிக்கின்றன. ஆனால் இலவசத்தின் அளவு அடிக்கடி மாறும். தானியங்கி வசதி அந்த இலவசத்தில் அடங்குமா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்னர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியல் எங்கிருந்து வரும் என்பதே இனி முதன்மையான வினா. இங்கேதான் நம்மவர் பலர் தவறு செய்கின்றனர். கோயில் நன்கொடைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வோர் உண்டு. திருமண மொய்ப் புத்தகத்திலிருந்து எடுப்போர் உண்டு. பள்ளிப் பெற்றோர் குழுவிலிருந்து எண்களையும் முகவரிகளையும் அள்ளுவோரும் உண்டு. மொய் எழுதியவர் மணமக்களை வாழ்த்த வந்தவர். முறுக்கு வாங்க இசைந்தவரல்லர். முகவரி ஒரு காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டது. மற்றொரு காரியத்துக்கு அதனை எடுப்பது, அரிசி அளந்து வாங்கக் கொடுத்த காசில் புகையிலை வாங்கியதற்கு ஒப்பாகும்.

இது நாகரிகம் மட்டுமன்று, சட்டமுமாகும். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. வணிகத் தொடர்பில் ஒருவரின் விவரங்களைத் திரட்டுவோர், எதற்காகத் திரட்டுகிறோம் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். தமிழிலும் சேர்த்து எழுதினால் நம் பாட்டிமாருக்கும் விளங்கும். தம் விவரங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாதவர்மீது அவர் ஆணையரிடம் முறையிடலாம். ஆணையர் கட்டளையிட்ட பின்னும் நிறுத்தாதவருக்கு 200,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 43-ஆம் பிரிவு இடந்தருகிறது. 2024-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது; தரவு வெளியே கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது.

முறையான வழி எளிது. கடை மேசைமேல் ஓர் அட்டை வைக்கலாம். அதில் படிவத்துக்கு இட்டுச் செல்லும் கியூஆர் குறியீட்டை அச்சிடலாம். பலகார டப்பாவின் மூடியில் அதனையே ஒட்டலாம். கைப்பேசி கையாளத் தெரியாதவருக்கு ஒரு கோடிட்ட ஏடும் எழுதுகோலும் போதும். “தீபாவளி, பொங்கல் பலகார விலைப்பட்டியலை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாமா? வேண்டா என்று எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவோம்” என்று கேட்டு, ‘ஆம்’ என்றவர் பெயரை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். தேதியையும் குறிக்க வேண்டும். இவ்வாறு சேரும் அறுபது முகவரிகள், விலைக்கு வாங்கிய ஆறாயிரத்தினும் மேலானவை.

இவ்விடத்தில் ஓர் ஒப்புதல். முகவரிகளைக் கையாளுவதில் இதை எழுதுபவரே ஒருமுறை பிழை செய்திருக்கிறார். நிகழ்ச்சி அழைப்பு ஒன்றை அனுப்பும்போது, எல்லா முகவரிகளையும் பெறுநர் பகுதியிலேயே இட்டுவிட்டார். எண்பதுக்கும் மேற்பட்டோர் ஒருவர் முகவரியை ஒருவர் கண்டனர். அவர்களுள் ஒருவர் அப்பட்டியலைப் படியெடுத்துத் தம் காப்புறுதி விற்பனைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்டு எண்பது மடல் எழுத நேர்ந்தது. தானியங்கிக் கருவி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவதால் இவ்விபத்து நேராது. அதற்காகவேனும் அக்கருவி பாராட்டுக்குரியது.

அடுத்தது, வணிகரின் சொந்த முகவரி. ஜிமெயில் போன்ற இலவச முகவரியிலிருந்து இக்கருவிகள் வழியே மொத்தமாக அனுப்பினால் மடல் பெரும்பாலும் குப்பைப் பெட்டிக்கே போகும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. மடலை அனுப்புபவர் உண்மையில் அம்முகவரிக்கு உரியவர்தாமா என்பதை மெய்ப்பிக்கும் முத்திரைகள் வேண்டும். எஸ்பிஎஃப், டிகிம் எனப்படும் அவை, தோட்ட அலுவலகக் கடிதத்தில் துரை கையெழுத்தும் அலுவலக முத்திரையும் இருப்பது போன்றவை. அதற்கு வணிகர் தமக்கென ஒரு டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், வைத்திருக்க வேண்டும். மலேசியப் பெயர்களை மைநிக் என்னும் அமைப்பு மேற்பார்க்கிறது. அதனுடைய முகவர்களிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறலாம். முத்திரைகளைப் பொருத்துவது ஒரு பிற்பகல் வேலை. கருவியின் உதவிப் பக்கத்தைப் பார்த்து மேனிலைப் பள்ளி மாணவரே செய்துவிடுவார். மற்றொரு விதி: மடல்களைக் குப்பை என்று புகார் செய்வோர் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவை எட்டலாகாது. இருநூறு பேர் பட்டியலில் ஒருவர் சினந்தாலே ஆயிரத்துக்கு ஐவர் என்றாகிவிடும். விலகும் வழியை மடலின் அடியில் தெளிவாக வைப்பது வணிகருக்கே பாதுகாப்பு. எளிதில் விலக முடிந்தவர் புகார் செய்யமாட்டார்.

மடல் எழுதும் முறைக்கு வருவோம். இங்கே கருவி செய்தவர்க்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இக்கருவிகள் பட்டியலில் ‘முதற்பெயர்’, ‘இறுதிப்பெயர்’ என இரண்டு கட்டங்களை வைத்திருக்கின்றன. மலேசியத் தமிழர் பெயரில் ஏ எல் அல்லது ஏ பி என்ற எழுத்துகளுக்குப் பின் வருவது தந்தையின் பெயர். அதனைக் கருவி குடும்பப் பெயராகக் கொள்ளும். விளைவு? மகளுக்கு எழுதவேண்டிய மடல், “மதிப்பிற்குரிய திரு. முனியாண்டி” என்று அவருடைய தந்தையை விளித்துத் தொடங்கும். தந்தை இறந்து பத்தாண்டு ஆகியிருக்கலாம். முதற்பெயரைப் பயன்படுத்தினாலோ, எழுபது வயதுப் பாட்டியை, “வணக்கம் கமலா!” என்று அது வெறும் பெயர் சொல்லி அழைக்கும். நம் வீட்டுக் குழந்தை அவ்வாறு அழைத்தால் வாயில் அடி விழும்.

இதற்கு மருந்து உண்டு. எல்லாக் கருவிகளிலும் புதிய கட்டம் சேர்க்கலாம். ‘அழைக்கும் முறை’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அதில் ஒவ்வொருவர்க்கும் உரியதைக் கையாலே எழுத வேண்டும்: கமலா அக்கா, பெரியசாமி அண்ணன், ஆசிரியர் ஐயா, பாட்டி. ஊர் நன்கறியாதவருக்கு ‘அம்மா’, ‘ஐயா’ போதும். இருநூறு பேருக்கு எழுத இரண்டு மாலைப்பொழுது ஆகும். செலவிடத் தகுந்த மாலைப்பொழுதுகள் அவை. பின்னர் மடல் இவ்வாறு செல்லும்:

“வணக்கம் கமலா அக்கா. சென்ற ஆண்டு எங்களிடம் கைமுறுக்கும் அதிரசமும் வாங்கினீர்கள். இவ்வாண்டுத் தீபாவளிக்கு அடுப்பு மூட்டும் நாளை முடிவு செய்துவிட்டோம். விலைப்பட்டியல் கீழே உள்ளது. உங்களுக்கு வேண்டியதைத் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டால் நல்ல பச்சரிசி மாவில் சுட்டு அனுப்பிவைப்போம். இவ்வாண்டு வேண்டாமெனில் இம்மடலுக்கு மறுமொழி தேவையில்லை.”

இவ்வளவே. ஒரு மடலில் ஒரே வேண்டுகோள். பெரிய படங்கள் வேண்டா. தோட்டத்து உட்புறங்களில் இணைய வேகம் எல்லார்க்கும் ஒரே அளவில் இல்லை. அனுப்புநர் பெயர் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கட்டும். கடையின் பெயரோடு சுடுபவர் பெயரும் இருந்தால் இன்னும் நன்று. “உடனே! இன்றே! கடைசி வாய்ப்பு!” என்று கூவும் தலைப்பைக் கண்டால் கருவிக்கு முன்னே மனிதர் ஐயுறுவர்.

கால அட்டவணையைப் பொறுத்தவரை, பலகாரத் தொழிலுக்கு ஆண்டுக்கு ஏழெட்டு மடல் போதுமானது. தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு ஒன்று. மூன்று வாரம் முன்பு, இன்னும் சொல்லாதவர்க்கு மட்டும், ஒன்று. சிங்கப்பூரில் இருப்பவர்க்கு இரண்டையும் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். எல்லை கடக்கும் பொட்டலத்துக்கு நாள் கூடும். பொங்கலுக்கு ஒன்று. பொட்டலம் சென்று சேர்ந்த ஐந்தாம் நாள், “உடையாமல் வந்து சேர்ந்ததா?” என்று கேட்கும் ஒரு மடல். இக்கடைசி மடலே எல்லாவற்றினும் பயனுடையது என்பது நம் கருத்து. உடைந்திருந்தால் சொல்வார்கள், சொன்னால் சரிசெய்யலாம், சொல்லாமல் உடைந்தால் வாடிக்கையே உடையும்.

இனி, கருவி தவறும் இடத்தைச் சொல்லவேண்டும். நம் வழக்கில், வீட்டில் ஒருவர் இறந்தால் அவ்வாண்டு அவ்வீட்டார் தீபாவளி கொண்டாடுவதில்லை, பலகாரம் சுடுவதுமில்லை. லயத்தில் அது யாவர்க்கும் தெரியும். துணி வியாபாரி அவ்வீட்டைத் தாண்டிச் செல்லும்போது மிதிவண்டி மணியைக்கூட அடிக்கமாட்டார். ஒரு நிமிடம் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவார். தானியங்கிக்கோ தேதி தெரியும், துக்கம் தெரியாது. ஆகஸ்டில் கணவரைப் பறிகொடுத்த பெண்மணிக்கு அக்டோபரில் அது, “இவ்வாண்டுத் தீபாவளிக்கு என்ன சுடப்போகிறீர்கள் அக்கா?” என்று முகமலர்ச்சியுடன் எழுதும். அவர் அதற்குப் பின் அந்தக் கடையில் எதுவும் வாங்கமாட்டார். ஏன் என்று சொல்லவும் மாட்டார். வணிகர் தாம் ஒரு வாடிக்கையாளரை இழந்தது மட்டுமன்றி, ஓர் உறவையும் புண்படுத்தியதை அறியாமலே இருப்பார்.

எனவே பட்டியலில் மேலும் ஒரு கட்டம் வேண்டும்: ‘இவ்வாண்டு அனுப்பற்க’. இரங்கல் செய்தி காதில் விழுந்தவுடன் அக்கட்டத்தில் குறியிட வேண்டும். கருவியின் நிபந்தனையில், இக்குறி உள்ளவர்க்குப் பண்டிகை மடல் செல்லலாகாது என்று எழுதி வைக்கலாம். எல்லாக் கருவிகளும் இதற்கு இடந்தரும். ஓராண்டு கழிந்து குறியை நீக்குவதும் கையாலேயே நடக்கட்டும். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கையில், மடல் செல்லுமுன், பெயர்ப் பட்டியலை அச்சிட்டு வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்வது நலம். “இந்தப் பெரியவர் தவறிவிட்டாரே!” என்று அவர் கண்டு சொல்வார். முகவரிக்குரியவரே மறைந்திருந்தால் பெயரை அடியோடு நீக்கிவிட வேண்டும்.

மற்றோர் ஆபத்து, வெற்றியினால் வருவது. இரண்டு வாணலியில் சுடும் வீட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற எல்லை உண்டு. தானியங்கி அதை அறியாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். எல்லை நிறைந்த அன்றே அடுத்த மடலை நிறுத்திவைக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்கவேண்டும். ஒப்புக்கொண்டதை அனுப்ப இயலாமற் போவது, அழைக்காமல் விட்டதைவிடக் கேடு.

பயன் விளைந்ததா என்று அளப்பது எப்படி? எத்தனை பேர் மடலைத் திறந்தனர் என்று கருவி ஓர் எண்ணைக் காட்டும். அதனைப் பெரிதாக நம்பவேண்டா. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் செய்த மாற்றத்தினால், பெறுநர் படிக்காத மடலும் படித்ததாகக் கணக்கில் ஏறக்கூடும். கேட்பு வந்ததா, பணம் வந்ததா என்பதே கணக்கு. எடுத்துக்காட்டாக, 150 பேருக்கு அனுப்பி 12 பேர் ஆளுக்கு 60 ரிங்கிட்டுக்கு வாங்கினால் வரவு 720 ரிங்கிட். மாவு, எண்ணெய், டப்பா, அஞ்சல் செலவு, கருவிக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவது என்ன என்று எழுதிப் பார்க்கவேண்டும். கட்டணம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருப்பதால் ரிங்கிட் மதிப்புக்கேற்ப ஏறி இறங்கும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 முதல் சேவை வரியும் உண்டு. 2024 மார்ச்சில் அஃது 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்டுக்கு ஏழெட்டு மடல் அனுப்புவோர் மாதக் கட்டணம் கட்டாமல், பண்டிகைக் காலத்து இரண்டு மாதங்களுக்கு மட்டும் கட்டலாமா என்றும் பார்க்கலாம்.

“இவ்வளவும் எதற்கு? வாட்ஸ்அப் இருக்கிறதே!” என்று கேட்பார் பலர். கேள்வி நியாயமானதே. தோட்டத்தில் இன்னும் வாழ்வோர்க்கு வாட்ஸ்அப்பே ஏற்றது. மின்னஞ்சலைத் திறந்து பார்க்காதவர்க்கு மின்னஞ்சல் அனுப்புவது வீண். ஆனால் வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க இயலாது. நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்போர்க்கு மட்டுமே அச்செய்தி சென்று சேரும். அறிமுகமற்ற பலருக்கு ஒரேயடியாக அனுப்பினால் எண்ணே முடக்கப்படலாம். முகநூல் பக்கத்தைப் பின்தொடர்வோரின் பட்டியலோ நம் கைக்கு வருவதேயில்லை. மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனம் விலையை உயர்த்தினால் மற்றொன்றுக்குக் கொண்டு செல்லலாம். வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் வங்கிக்காகவும், ஊழியர் சேமநிதிக்காகவும், வருமான வரிக்காகவும் மின்னஞ்சல் முகவரி வைத்தே இருக்கின்றனர். ஆகவே அழைப்பை மின்னஞ்சலிலும், கேட்பையும் பேச்சையும் வாட்ஸ்அப்பிலும் வைத்துக்கொள்வதே நம் வட்டாரத்துக்குப் பொருந்தும். மடலின் அடியில் வாட்ஸ்அப் எண்ணுக்கான இணைப்பை இட்டால், ஒரு தொடுதலில் அவர் கடைக்காரருடன் பேசத் தொடங்குவார்.

தொழிலைப் பதிவு செய்யாதவர் முதலில் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ளவேண்டும். சொந்தப் பெயரில் நடத்துவோர்க்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைப்போர்க்கு 60 ரிங்கிட். முதல் தேவைப்படுவோர் தெக்குன் நேஷனல் வழங்கும் ஸ்பூமி கடன் திட்டத்தை விசாரிக்கலாம். அஃது இந்திய சமுதாயத்துத் தொழில்முனைவோர்க்கென அமைந்தது. கணினியோ இணையமோ வீட்டில் இல்லாதவர்க்கு, முன்னர் பெடி என்ற பெயரில் இயங்கிய நாடி மையங்கள் உள்ளன. சிறு வணிகர்க்கான வகுப்புகளும் அங்கு நடைபெறுகின்றன. செல்வோர் அடையாள அட்டை, நிறுவனப் பதிவுச் சான்று, விலைப்பட்டியல், முகவரி கொடுத்து இசைந்தவர்களின் ஏடு ஆகியவற்றை எடுத்துச் செல்லவேண்டும். மடல்கள் எழுதும் நாளன்று, வாடிக்கையாளர்களை முறை சொல்லி அழைக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.